எந்தத் தொகுதியிலும் நிற்காத சட்டமன்ற உறுப்பினர்: முத்துலட்சுமி ரெட்டியை எப்படிப் பாடம் நடத்துவது?

புதுகை ஆசிரியர்

புதுக்கோட்டை பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1886 ஜூலை 30இல் எங்கள் ஊரில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித் துறைக்காரர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுள்ள இசை வேளாளர் வழிவந்தவர். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேருவதா என்று பையன்களின் பெற்றோர் கொதித்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதற்குச் சம்மதித்தார்.

இதுவரை பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். "1927இல் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார்" என்றதும் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சார், அவங்க எந்தத் தொகுதியில் நின்றாங்க? எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை, நியமன உறுப்பினர் என்றேன். "அப்படின்னா யாரு சார் அவங்களைத் தேர்ந்தெடுத்தது?" என்றாள். அரசு என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அந்த ஏமாற்றத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடியும் அதே வகுப்பு. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

வாக்குச்சாவடி முகவர்

ஆசிரியர் ஐயா, அந்தப் பெண் கேட்டது மிகச் சரியான கேள்வி. நாற்பது வருடம் தேர்தல் வேலை பார்த்தவன் நான். ஒருவர் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து திட்டு வாங்கி, தோற்று, மறுபடி நின்று ஜெயித்தால்தான் மக்கள் பிரதிநிதி என்பேன். முத்துலட்சுமி அம்மையார் பெரிய மனுஷி, மறுப்பதற்கில்லை. ஆனால் வெள்ளைக்கார அரசு ஒரு நாற்காலியைக் கொடுத்து உட்காரச் சொல்லியிருக்கிறது. அதில் உட்கார்ந்து, ஒரு சமூகத்துப் பெண்களின் வாழ்க்கையையே மாற்றுகிற சட்டம் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பெண்களில் எத்தனை பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்? ஒருவர்கூட இல்லை.

நாகர்கோவில் நூலகர்

முகவர் ஐயா சொல்வதில் ஒரு விடுபடல் இருக்கிறது. அன்றைய தேர்தல் இன்றைய தேர்தல் அல்ல. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது உண்மை. ஆனால் அதே சொத்துத் தகுதி அவர்களுக்கும் உண்டு என்பதால் வாக்காளர் பட்டியலில் பெண் பெயர் அரிதாகத்தான் இருந்தது. பெண்கள் அவையில் உறுப்பினராக உட்காரலாம் என்ற அனுமதியோ 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் மாகாணத்தின் மங்களூர்ப் பகுதியில் வேட்பாளராக நின்று மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஆக, வீடு வீடாகப் போகப் பெண்கள் தயாராகத்தான் இருந்தார்கள். கதவு திறந்ததே அப்போதுதான்.

முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது 1917இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் முதலானோர் விடாமல் வற்புறுத்தினார்கள். முத்துலட்சுமிக்கோ தயக்கம், மருத்துவத் தொழில் கெட்டுவிடும் என்று நினைத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். 1927 ஜனவரியில் அவை அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. நாற்காலியைக் கொடுத்தது அரசு என்றால், அந்தத் துணைத் தலைவர் பதவியைக் கொடுத்தவர்கள் தேர்தலில் ஜெயித்து வந்த ஆண்கள்.

இன்னொன்று, ஆசிரியர் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். "இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1920களின் முற்பகுதியிலேயே சட்ட அவைக்கு நியமிக்கப்பட்டுவிட்டார். அவரும் மருத்துவர். "பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் பெண் உறுப்பினர்" என்று சொன்னால் பிழை வராது. இதனால் முத்துலட்சுமிக்கு ஒரு குறையும் இல்லை. மேரிக்கு உரியது அவருக்குப் போய்ச் சேரும்.

சட்டம் படிப்பவள்

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு. என் கருத்தரங்குக் கட்டுரையே முத்துலட்சுமி அவையில் இருந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் "தேவதாசி ஒழிப்புச் சட்டம்" என்று ஒற்றைச் சட்டம் போலப் பேசுகிறோம். நடந்தது அப்படியல்ல. 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தது ஒரு தீர்மானம். கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி, சாமிக்கே உரியவளாக்கி விடுவதைத் தடுக்க அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்ற பரிந்துரை, அவ்வளவுதான். தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது. அவை அதை ஏற்றுக்கொண்டது. கைதட்டலோடு அது கோப்பில் தூங்கியிருக்கலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. பொட்டுக்கட்டுவதைத் தண்டிக்கும் சட்டத்துக்கு அவர் முதலில் போகவில்லை. நீதிக்கட்சிக் காலத்தில் உருவான இந்து அறநிலையச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது 1929இல் சட்டமானது. அதன் உள்ளடக்கம் நிலம்.

கோயிலில் ஆடவும் பாடவும் விளக்கெடுக்கவும் அந்தப் பெண்களுக்கு மானிய நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. சேவை செய்கிறவரைதான் நிலம். சேவையை விட்டால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக்கட்டாமல் விட்டால் குடும்பமே தெருவுக்கு வரும். மகளைக் காப்பாற்ற நினைக்கிற தாயின் கையையும் அந்த நிலமே கட்டிப்போட்டிருந்தது. 1929 திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. மானிய நிலத்தைச் சேவைக் கடமையிலிருந்து விடுவித்தது. அந்தப் பெண் கோயிலுக்குச் சேவை செய்ய வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஒரு தீர்வை கட்டினால் நிலம் அவளுக்கு.

தடைச் சட்டம் போட்டிருந்தால் போலீஸ்காரர் வீட்டு வாசலில் நின்றிருப்பார். இவர் முதலில் அனுப்பியது நில உரிமையை. அவரைத் தண்டனை கேட்ட சீர்திருத்தவாதியாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தத் திருத்தத்தைப் படிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகுதான் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை முன்வைத்தார். அது 1930.

வாக்குச்சாவடி முகவர்

மகளே, இந்த நில விஷயம் எனக்குத் தெரியாது. நன்றாக விளக்கினாய். ஆனால் நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய், கேட்கிறேன். 1930இல் மசோதாவை வைத்தார். அதே 1930இல் உப்புச் சத்தியாகிரகம், மே மாதம் காந்தி கைது. அதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் தூக்கி எறிந்தார். பெரிய தியாகம் என்று எல்லா மேடையிலும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மசோதா என்ன ஆயிற்று? சட்டம் வந்தது 1947இல். பதினேழு வருடம்! அந்தப் பதினேழு வருடத்தில் பொட்டுக்கட்டப்பட்ட குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது? தொகுதி என்று ஒன்று இருந்திருந்தால், "எங்கள் வேலையை முடிக்காமல் எங்கே போகிறீர்கள்" என்று கேட்க நாலு பேர் இருந்திருப்பார்கள்.

நாகர்கோவில் நூலகர்

கடினமான கேள்விதான். ஆனால் பழியை அவர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. அதே ஆண்டில் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார்கள். 1939இல் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். சமூகச் சீர்திருத்தத்தில் கை வைக்கும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. பெரும்பான்மையும் இருந்தது. இந்தச் சட்டம் மட்டும் வரவில்லை. தேர்தலில் ஜெயித்து, வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு வந்தவர்கள்தான் அவர்கள் அத்தனை பேரும்.

1927இல் எதிர்த்துப் பேசியவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். அவர் கற்றவர், கலை அறிந்தவர், விடுதலைப் போராட்டத்தில் யாருக்கும் குறையாதவர். மரபைச் சட்டத்தால் தொடக் கூடாது என்பது அவர் பக்கம். அவருக்கு அம்மையார் சுடச்சுடக் கொடுத்ததாக மேடைதோறும் ஒரு பதிலடி சொல்வார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கைதட்டலுக்கு அது போதும். ஆனால் அவையில் அம்மையார் செய்த வேலை அதைவிடப் பெரியது. மைசூர் சமஸ்தானம் ஏற்கெனவே தன் கோயில்களில் இந்தச் சேவையை நிறுத்திவிட்டதை எடுத்துக்காட்டினார். மருத்துவராகத் தான் கண்ட நோய்களைச் சொன்னார்.

அவைக்கு வெளியே நின்றவர்களையும் சேர்க்க வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே சமூகத்தில் பிறந்து, ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். சுயமரியாதை இயக்கம் துணை நின்றது. முகவர் ஐயா கேட்கிற வீடு வீடான பிரசாரம் நடந்தது. அதை நடத்தியவர் இராமாமிர்தம். ஒருவர் அவையில், ஒருவர் தெருவில்.

காவிரிக்கரைப் பேத்தி

மூன்று நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

எங்கள் பாட்டியின் அம்மா ஒரு கோயிலில் பொட்டுக்கட்டிக்கொண்டவர். ஊர்ப் பெயர் வேண்டாம். பாட்டி அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர் இறந்த பிறகு பெரியம்மாதான் சொன்னார். கொள்ளுப்பாட்டி தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரிந்தவர், பதம் பாடுவார், திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஆடியவர். சட்டமும் பிரசாரமும் வந்த பிறகு ஊரில் ஒரே வார்த்தைதான் அவரைச் சுற்றி வந்தது. அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன். நேற்றுவரை "அம்மாள்" என்று எழுந்து நின்ற வீடுகளில் கதவை மூடினார்கள். சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அதன் பிறகு அவர் பாடி யாரும் கேட்டதில்லை என்பார் பெரியம்மா.

முத்துலட்சுமி அம்மையாரின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தாயும் எங்களவர்தான். எட்டு வயதுக் குழந்தையை யாருக்கோ உரியவளாக்கும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான். அது ஒழிந்ததால்தான் நான் கணக்காளராக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனால் இந்த இழையில் இதுவரை பேசிய யாரும் ஒன்றைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களும் பேசினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் முன்னின்று சங்கம் சேர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களை விலைமாதர் என்று ஒரே வரியில் எழுதாதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள், கலையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொத்தைக் கொடுத்துச் சமாதிக் கோயில் கட்டிய அதே நாகரத்தினம்மாள்தான். அந்தக் குரலுக்கு அவையில் ஓர் இருக்கை இல்லை. முகவர் ஐயா, நீங்கள் கேட்ட பிரதிநிதித்துவக் கேள்வி எனக்கு இந்த இடத்தில்தான் வலிக்கிறது.

எங்கள் வீடுகளில் சொத்து பெண் வழியாக வந்தது. பெண் பிறந்தால் கொண்டாட்டம். பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் தாயின் பெயரின் முதலெழுத்து. அதுவும் மாறியது. நிலம் சேவையிலிருந்து விடுபட்டது சரி. விடுபட்ட நிலம் ஒன்றிரண்டு தலைமுறையில் அண்ணன் தம்பிமார் கைக்குப் போனது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல.

சட்டம் படிப்பவள்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் கட்டுரையில் நாகரத்தினம்மாள் தரப்பின் மனுவுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறேன். அது போதாது என்று இப்போது புரிகிறது. அதைத் தனி அத்தியாயமாக எழுதப் போகிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். முத்துலட்சுமி அந்தப் பெண்களை வெளியில் நின்று பார்த்தவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1930இல் பொட்டுக்கட்டுவதிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்கத் தயங்கின. பிறப்பு தெரிந்தால் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் காரணம். அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. பிறகு அடையாறில் வேர்விட்டது. பள்ளிக்கூடம், தையல், செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சம்பாத்தியம். மூடிய கதவுகளை அவரும் பார்த்திருக்கிறார், தன் சொந்தத் தாயின் பக்கத்திலிருந்தே.

முகவர் ஐயாவுக்கும் ஒரு பதில். பதவி விலகியதும் வேலை நின்றது என்பது சரியல்ல. அவையில் இருந்த காலத்தில் அவர் தொட்ட விஷயங்களை எடுத்துப் பாருங்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, விபசார விடுதிகளை ஒடுக்கும் சட்டம், பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய 1929 சாரதா சட்டத்துக்கு ஆதரவு. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் இருந்தார். ஒன்றைக்கூட உறுப்பினர் பதவியோடு சேர்த்துக் கழற்றி வைக்கவில்லை. 1930இலேயே தன் அவை அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக எழுதிப் பதிவு செய்தும் விட்டார். அடுத்து வருகிற பெண் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதினார் என நான் நம்புகிறேன்.

ஆசிரியர் ஐயா, உங்கள் மாணவிக்கு இன்னொரு விவரம். அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, சுகாதாரம் போன்றவை அமைச்சர்களிடம். போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னர் பக்கம். பின்னால் கட்சி இல்லாத ஒரு தனி உறுப்பினர், நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே, இரண்டு பக்கத்தையும் சம்மதிக்க வைத்தால்தான் ஒரு மசோதா நகரும்.

கிராமச் செவிலி

வணக்கம். இருபத்தெட்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சட்டம், அவை எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை முத்துலட்சுமி என்ற பெயரைச் சொல்லியிருப்பேன், கேட்டிருப்பேன். "சிஸ்டர், முத்துலட்சுமிப் பணம் வந்துருச்சா?" துணை சுகாதார நிலையத்து வாசலில் இந்தக் கேள்விதான் எனக்குக் காலை வணக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் பொருட்களோடு சேர்த்து 18,000. கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், பரிசோதனை, ஆஸ்பத்திரிப் பிரசவம், தடுப்பூசி என்று ஒவ்வொரு கட்டமாகப் பணம் வரும்.

அந்தக் கணக்கு "அவள் பெயரில்" என்பதில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன் தெரியுமா! மாமியார் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். புருஷன் தன்னுடையதைக் கொண்டுவருவான். "இல்லை, பிள்ளை பெறப் போகிறவள் பெயரில்தான்" என்று ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல் கணக்கு அதுவாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும். சட்டம் படிக்கிற பெண் எழுதிய நில விஷயத்தை நேற்று இரவு படித்ததும் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன. நிலமாக இருந்தாலும் பணமாக இருந்தாலும் அவள் பெயரில் வர வேண்டும்.

இத்தனைக்கும் அந்த முத்துலட்சுமி யார் என்று என்னிடம் ஒருத்திகூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அது என் தவறு. ஒரு பெண் மட்டும், பிரசவித்து மூன்றாம் நாள், "முத்துலட்சுமின்னு பேர் வைக்கலாமா சிஸ்டர், அவங்கதானே பணம் கொடுத்தாங்க" என்றாள். வைத்தும் விட்டாள். அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாம் வகுப்பு.

புதுகை ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொன்ன அந்தப் பெயர் வைத்த கதையைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல அனுமதி வேண்டும்.

அம்மையார் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையையும் யாராவது தொடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். 1923இல் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் கண்ணெதிரே இறந்தார். அந்தச் சாவு அவரை விடவே இல்லை. 1925இல் இங்கிலாந்து போய்ப் படித்தார். திரும்பி வந்து அவை, போராட்டம், இல்லம் என்று ஓடினாலும் மருத்துவமனை எண்ணம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. 1952 அக்டோபரில் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். தங்கை இறந்ததிலிருந்து கட்டடம் எழும்ப முப்பத்தோரு ஆண்டுகள். பதினேழு ஆண்டுக் காத்திருப்பைப் பற்றி முகவர் ஐயா கேட்டார். அம்மையாருக்குக் காத்திருக்கத் தெரிந்திருக்கிறது, விடத்தான் தெரியவில்லை.

1968 ஜூலை 22இல் மறைந்தார்.

வாக்குச்சாவடி முகவர்

பேத்தி அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். ஓட்டு வாங்கினாரா என்பதைவிட, பாதிக்கப்படுகிறவர்களை அவைக்குள் அழைத்து உட்கார வைத்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். ஓட்டு வாங்கி வந்தவர்களும் அதைச் செய்யவில்லை. என் நாற்பது வருட அனுபவத்திலும் அதை அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் பதவி விலகல் விஷயத்தில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். காந்திக்காக விலகியது பெருமைதான். ஆனால் மசோதா அவர் கையில் இருந்தது. இரண்டும் உண்மை. ஆசிரியர் ஐயா, பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். அவர்களே முடிவு செய்யட்டும்.

காவிரிக்கரைப் பேத்தி

சட்டம் படிக்கிற தங்கைக்கு.

நீ எழுதிய "ஆண்டுதோறும் ஒரு தீர்வை" என்ற வரி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பரணில் இரும்புப் பெட்டி இருக்கிறது. சலங்கை இருந்த துணியைப் பிரித்தால், அதற்கு அடியில் வாழைநாரால் கட்டிய காகிதக் கட்டு. எல்லாம் ரசீது. கோயிலுக்குத் தீர்வை கட்டியதற்கான ரசீதுகள். மடிப்பில் எழுத்து போய்விட்டது, மையும் பழுப்பாகிவிட்டது. ஆனால் கொள்ளுப்பாட்டியின் பெயர் ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிறது. முதல் ரசீது 1931. கடைசி ரசீது 1952. பாட்டிக்கு மாப்பிள்ளை பார்த்து, அந்த நிலத்தை விற்றுக் கல்யாணம் செய்த வருடம் அது. பொட்டு அல்ல, தாலி. எங்கள் வீட்டில் முதல் தாலி.

நிலம் எப்படி எங்கள் பெயருக்கு வந்தது என்று பெரியம்மாவுக்கும் தெரியாது. "ஏதோ சர்க்கார் கொடுத்தது" என்றுதான் பாட்டி சொல்லியிருக்கிறார். உன் பதிவைப் பெரியம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. ரசீதுகளைத் தேதி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்று கவனித்தேன். பெயருக்குப் பக்கத்தில், மற்றவர்களுக்குத் தகப்பனார் பெயர் எழுதும் இடத்தில், கொள்ளுப்பாட்டியின் தாயார் பெயர் இருக்கிறது. ரசீது எழுதிய கோயில் கணக்குப்பிள்ளை 1952 வரைக்கும் அப்படியேதான் எழுதியிருக்கிறார்.

சட்டம் படிப்பவள்

அக்கா, அந்த ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். வாழைநாரை அவிழ்க்கும்போது ஓரம் உதிரும், கவனம். கட்டை வெயிலில் வைக்காதீர்கள். ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் மறைத்துவிட்டு ஒரே ஒரு ரசீதை என் கட்டுரையில் சேர்க்கப் பெரியம்மா சம்மதிப்பாரா? கேட்டுச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

காவிரிக்கரைப் பேத்தி

கேட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் மறைக்கச் சொன்னார். அவர் பாட்டியின் பெயரையும், அந்தத் தாயார் பெயரையும் மறைக்கக் கூடாது என்கிறார்.